பவர் மதினி, மூக்கு நான்

அண்ணன் மஸ்கட்டுக்குத் திரும்பிப் போன பிறகு வீட்டில் நாங்கள் மூன்று பெண்கள் இருந்தோம். அம்மா, மதினி, நான். மதுரை அவனியாபுரத்தில் பஸ் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி வீடு. அண்ணன் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். கல்யாணத்துக்கு வாங்கிய லீவு தீர்ந்ததும் கிளம்பிவிட்டான். போவதற்கு முன் டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் சொல்லி கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வைத்தான். நெட்டில் மதினியோடு பேசலாம் என்பது அவன் யோசனை. டெலிபோன் லைனில் நெட் கிடைத்து, அவன் குரல் விட்டுவிட்டு வந்து சேர்வதற்குள் மதினிக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும். கொஞ்ச நாளில் அந்த ஏற்பாடு தானாக நின்றுபோய், பழையபடி வெள்ளிக்கிழமை போன் என்றானது. கம்ப்யூட்டர் பூப்போட்ட உறைக்குள் மூலையில் உட்கார்ந்திருந்தது. இது இரண்டாயிரத்துக்குப் பிறகு மூன்று நான்கு வருஷம் போயிருந்த சமயம்.

உறையைக் கழற்றியது நான்தான். பசுமலையில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. சாயங்காலத்துக்கு முன்பே வீடு வந்துவிடுவேன். வந்தால் டி.வி. அம்மாவுடையது. அதனால் அண்ணன் விட்டுப்போன சி.டி.க்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். அதில் ஒன்று விமானம் ஓட்டுவது. சுடுவது, பாயிண்ட் சேர்ப்பது எதுவும் அதில் கிடையாது. ஊரைத் தேர்ந்தெடுத்தால் ஓடுபாதையில் கொண்டுபோய் நிறுத்தும். அதற்குப் பிறகு நம் பாடு. கடைக்காரர் கம்ப்யூட்டரோடு ஒரு ஜாய்ஸ்டிக்கும் கொடுத்திருந்தார்.

சின்ன விமானத்தை நான் ஓட்டிக்கொண்டிருந்தபோது மதினி பின்னால் வந்து நின்றாள். எழுமலைப் பக்கம் விவசாயக் குடும்பம், பிளஸ் டூ முடித்தவள். என்னைவிட ஒரு வயது சின்னவள். ஆனாலும் முறை முறைதான். நான் அவளை 'வாங்க, போங்க' என்பேன், அவள் என்னை 'வா, போ' என்பாள்.

"அவுக போற பிளேன் இதுல இருக்காத்தா?"

"இருக்கு மதினி. பெருசு. எனக்கு ஓட்டத் தெரியாது."

"இதையும்தான் உனக்குத் தெரியல. இப்பத்தானே வயக்காட்டுல விட்ட? அதையே எடு."

எடுத்தேன். அப்படித்தான் நாங்கள் ஜெட்டுக்கு வந்தோம்.

ஏறுவதில் சிரமமே இல்லை. முழு பவர் கொடுத்தால் ஓடும், மூக்கைத் தூக்கினால் ஏறும். இறங்குவதில்தான் எல்லாம் இருந்தது. முதல் வாரத்தில் நாங்கள் மதுரை ஓடுபாதையை ஒருமுறைகூட ஒழுங்காகத் தொடவில்லை. ஓடுபாதை பக்கத்தில் வந்த பிறகும் ரொம்ப உயரத்திலேயே இருப்போம், அடடா என்று மூக்கைக் கீழே அழுத்துவேன். அழுத்திய உடனே வேகம் எகிறும். வேக முள் இருநூற்று ஐம்பது, எழுபது, முந்நூறு என்று ஓடும். விமானத்தில் வேகத்துக்கு 'நாட்' என்று ஒரு கணக்கு. கிலோமீட்டரில் சொன்னால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த வேகத்தில் ஓடுபாதைக்கு வந்து சேர்ந்தால் அது சக்கரத்துக்குக் கீழே ஒரு கோடு மாதிரிப் போய்விடும். அந்தப் பக்கம் ஒரே பச்சை. அதில் போய் நிற்போம், அல்லது உடைவோம்.

"பஸ் டிரைவரு ஸ்டாப்ப விட்டுட்டுப் போற மாதிரில்ல போற" என்று மதினி சிரிப்பாள்.

உதவிப் பக்கங்கள் அந்த சி.டி.யிலேயே ஆங்கிலத்தில் இருந்தன. நான் படித்து மதினிக்குத் தமிழில் சொல்வேன். சொல்லும்போதுதான் எனக்கே புரியும். ஜெட் வழவழப்பான சாமான். என்ஜினை அடக்கினாலும் தன்பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போகும். அதனால் இறங்குவதும் வேகம் குறைவதும் ஒன்றாக நடக்காது. இறங்க வேண்டுமானால் இறங்கு, குறைக்க வேண்டுமானால் மட்டமாகப் போய்க் குறை. அதோடு முன்கூட்டியே ஆரம்பிக்க வேண்டும். ஆயிரம் அடி இறங்க மூன்று மைல் வேண்டும் என்று ஒரு கணக்கு இருந்தது. நாங்கள் வழக்கமாகப் பறந்த ஏழாயிரம் அடிக்கு இருபது மைலுக்கு மேல் தேவைப்பட்டது.

மதினி அதைத் தன் வழியில் புரிந்துகொண்டாள். "அம்புட்டுத் தூரம்னா எங்க ஊரு வந்துரும்ல?"

வரைபடத்தில் பார்த்தோம். எழுமலை, திருமங்கலம், விமான நிலையம் மூன்றும் மேற்கிலிருந்து கிழக்காகக் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் இருந்தன. ஓடுபாதையும் அதே திசையில்தான் கிடந்தது. அந்த சி.டி.யில் எழுமலை கிடையாது, திருமங்கலமும் கிடையாது, வெறும் பழுப்புத் தரைதான். ஆனாலும் தூரம் காட்டும் எண்ணை வைத்து மதினி இடங்களை நிர்ணயித்துவிட்டாள். எழுமலைக்கு மேலே என்ஜினை அடக்க வேண்டும். திருமங்கலம் வரும்போது இரண்டாயிரம் அடி, சக்கரம் இறங்கியிருக்க வேண்டும், வேகம் நூற்று அறுபதுக்குள் வந்திருக்க வேண்டும். அவள் கல்யாணத்துக்கு முன் அந்த வழியில்தான் பஸ்ஸில் மதுரைக்கு வருவாள். "திருமங்கலத்துலயே எந்திரிச்சு நின்னாத்தான் எறங்க முடியும். கூட்டம் அப்பிடி" என்றாள்.

வேலையைப் பிரித்துக்கொண்டதும் அப்போதுதான். ஜாய்ஸ்டிக்கைப் பிடித்திருக்கும்போது என்னால் கீபோர்டுக்குத் தாவ முடியவில்லை. பவர் குறைக்க எஃப் டூ, கூட்ட எஃப் த்ரீ. சக்கரத்துக்கு ஒரு எழுத்து, இறக்கைத் தகடுகளை இறக்க இன்னொன்று. அந்தத் தகடுகளுக்கு ஃப்ளாப் என்று பெயர். மெதுவாகப் போகும்போதும் விமானம் கீழே விழாமல் தாங்குவதற்கானவை. இதெல்லாம் மதினி கைக்குப் போனது. பவர் மதினி, மூக்கு நான். முக்காலியை இழுத்துப் போட்டு இடதுபக்கம் உட்கார்ந்துகொள்வாள். வேகத்தை வாய்விட்டுப் படிப்பதும் அவள் வேலை.

சண்டையும் அன்றைக்கே ஆரம்பித்தது. வேகம் குறைவதைப் பார்த்து நான் மூக்கைத் தாழ்த்துவேன். அதே நேரத்தில் அவளும் பவரைக் கூட்டியிருப்பாள். இரண்டும் சேர்ந்து வேகம் எகிறும். எகிறியதைப் பார்த்து நான் தூக்குவேன், அவள் குறைப்பாள். இப்போது இரண்டும் சேர்ந்து விழும். ஒருநாள் திருமங்கலத்துக்கு இந்தப் பக்கம் முள் நூற்றுப் பத்துக்குக் கீழே போய்விட்டது. நான் பதறி மூக்கைத் தூக்கினேன். கடகடவென்று ஒரு சத்தம், திரையில் 'ஸ்டால்' என்று சிவப்பு எழுத்து, வேகம் போதாமல் இறக்கைக்குக் காற்றின் பிடி போய்விட்டது என்று அர்த்தம். மூக்கு மேலே பார்த்தபடியே விமானம் கல் மாதிரிக் கீழே இறங்கியது.

"பவர் குடுங்க மதினி!"

"குடுத்துட்டேன்! குடுத்து எம்புட்டு நேரமாச்சு, அது வரல!"

உண்மைதான். அடக்கி வைத்த ஜெட் என்ஜின் கேட்டவுடன் எழுந்திருக்காது. மூச்சு வாங்கி எழுந்திருக்கச் சில விநாடிகள் ஆகும். எழுந்தபோது நாங்கள் தரையில் இருந்தோம்.

"விழுகுறப்ப மூக்க எதுக்குத் தூக்குன?" என்றாள்.

"விழுகுதேன்னுதான் தூக்குனேன்."

"அதான் விழுந்துச்சு."

மறுநாள் ஆபீஸில் இருந்தபோது இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரே முள்ளை இரண்டு பேர் துரத்துவதுதான் கோளாறு. வீட்டுக்கு வந்ததும் ஒரு ஒப்பந்தம் போட்டோம். கடைசி இறக்கத்தில் நான் வேக முள்ளைப் பார்க்கவே கூடாது. ஓடுபாதையின் நுனி கண்ணாடியில் ஒரே இடத்தில் நிற்கிற மாதிரி மூக்கை வைத்திருப்பது மட்டும் என் வேலை. வேகம் முழுக்க அவள் பொறுப்பு. அதிலும் ஒரு தடவை தட்டினால் பொறுத்திருந்து பலனைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த தடவை. மதினிக்குப் பொறுப்பதுதான் கஷ்டமாக இருந்தது. விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "ஒண்ணு… ரெண்டு… மூணு…" என்று எண்ணுவாள்.

இது கொஞ்சம் கொஞ்சமாகச் சரிப்பட்டு வந்தது. நடுவில் ஒருமுறை ஐநூறு அடியில் கரண்ட் போனது. மதினி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அண்ணன் போனில் மதினியின் விசா தள்ளிப்போவதாகச் சொன்னான். குடும்பத்தோடு தங்க கம்பெனி வீடு தர வேண்டும், வீடு இப்போதைக்கு இல்லை என்றார்களாம். இதே மாதிரி முன்பும் ஒருமுறை சொல்லியிருந்தான். மதினி "சரி, சரிங்க" என்று மட்டும் சொல்லி போனை அம்மாவிடம் கொடுத்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. நான் கம்ப்யூட்டரைப் போட்டதும் மதினி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுத்தாள். நான் முக்காலியில் உட்கார்ந்தேன். ஏழாயிரம் அடியில் எழுமலை வந்தது. என்ஜினை அடக்கக் கை நீட்டினேன்.

"விடு."

முழு பவர் வைத்து மூக்கைக் கீழே அழுத்தினாள். முந்நூறு, முந்நூற்று முப்பது. கட்டகட்டகட்ட என்று எச்சரிக்கைச் சத்தம் ஆரம்பித்தது. 'ஓவர்ஸ்பீட்' என்று சிவப்பு எழுத்து.

"மதினி, கொறைங்க."

"எதுக்கு?"

"ஒடஞ்சுரும்."

"ஒடையட்டும்."

முள் போக இடமில்லாத இடத்துக்குப் போனது. பழுப்புத் தரை திரை முழுவதும் நிறைந்தது. பிறகு படம் அப்படியே நின்று, அளவுக்கு மீறிய வேகத்தால் விமானம் சேதமடைந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு கட்டம் வந்தது. மதினி ஜாய்ஸ்டிக்கை நேராக நிறுத்தி வைத்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

"என்ன சத்தம் அது?" என்று அம்மா கேட்டது காதில் விழுந்தது.

"பிளேன் ஒடஞ்சு போச்சு அத்தை."

அம்மா முறத்தைத் தள்ளுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சரி, இந்த வெங்காயத்த உரி. அழுகுறதுனாலும் அழுதுக்கலாம்" என்றாள். அம்மாவுக்கு இப்படிப் பேச வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து நாள் மதினி கம்ப்யூட்டர் பக்கம் வரவில்லை. நான் தனியாகப் பறந்தேன். கூப்பிடவும் இல்லை, கூப்பிடத் தயக்கமாக இருந்தது. ஒருநாள் நான் இறங்கிக்கொண்டிருந்தபோது துவைத்த துணியை மடித்துக்கொண்டே பின்னால் நின்று பார்த்தாள். "நூத்தித் தொண்ணூறுல என்னத்துக்கு ஃப்ளாப்ப முழுசா எறக்குற? பிச்சுக்கிட்டுப் போயிரும்" என்றாள். பிறகு துணியைக் கட்டிலில் போட்டுவிட்டு முக்காலியை இழுத்தாள்.

முதல் நல்ல இறக்கம் அடுத்த மாதத்தில் நடந்தது. அது எனக்கு இன்றும் வரிசையாக ஞாபகம் இருக்கிறது. எழுமலைக்கு மேல் மதினி என்ஜினை அடக்கினாள். நான் மூக்கைக் கொஞ்சமாகத் தாழ்த்தினேன். வேகம் இருநூற்று ஐம்பதிலேயே நின்றது. மூவாயிரம் அடிக்கு வந்ததும் மட்டமாக்கினேன். "இருநூத்தி முப்பது… இருநூத்திப் பத்து… மொத ஃப்ளாப் போடுறேன்." தகடு இறங்கும்போது விமானம் லேசாக மேலே தள்ளும், அதைப் பிடித்தேன். "நூத்தித் தொண்ணூறு… இன்னொண்ணு… நூத்தி எம்பது." மறுபடி இறங்க ஆரம்பித்தோம். திருமங்கலத்தில் சக்கரம். சக்கரம் இறங்கினால் காற்று பிடித்து இழுக்கும், வேகம் தானாக நூற்று அறுபதுக்கு வந்தது. "முழு ஃப்ளாப். நூத்தி நாப்பத்தஞ்சு. பவர் ஏத்துறேன், ஒண்ணு, ரெண்டு, மூணு… புடிச்சுக்கிருச்சு. நூத்தி நாப்பது."

அதற்குப் பிறகு அவள் குரலில் ஒரே எண்தான் வந்தது. நூற்று நாற்பது, நூற்று நாற்பது, முப்பத்தெட்டு, நாற்பது. அந்த எண் மாறாமல் இருந்தால் எல்லாம் எவ்வளவு அமைதியாக இருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஓடுபாதை ஓடி வரவில்லை. தன் இடத்தில் இருந்தபடி மெல்லப் பெரிதானது. வேலி தாண்டியதும் மதினி பவரை எடுத்தாள், நான் மூக்கைக் கொஞ்சம் தூக்கினேன். 'கீச்' என்று சக்கரச் சத்தம். பிரேக். ஓடுபாதை முடிவதற்கு முன்பே நின்றோம்.

"ஆளுகள எறக்கி விடுவோமா?" என்றாள் மதினி. அப்புறம் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். அம்மா திரையைப் பார்த்தாள். நின்றுபோன விமானத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? "நம்ம வீடு எங்க இருக்கு இதுல?" என்று கேட்டாள். வடக்கே ஒரு பச்சைத் திட்டைக் காட்டினோம். "காலி எடமால்ல கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

விசா அதற்கு அடுத்த கோடையில் வந்தது. மதுரையிலிருந்து சென்னைக்கு ஒரு விமானம், அங்கிருந்து மஸ்கட். எங்கள் குடும்பத்தில் அதுவரை அண்ணனைத் தவிர யாரும் விமானம் ஏறியதில்லை. ஏர்போர்ட் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான், ஆட்டோவில் போனோம். எழுமலையிலிருந்து அவள் அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். அவள் அம்மா அழுதார். மதினி அழவில்லை, டிக்கெட்டை மட்டும் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயமா இருக்கா மதினி?"

"பயமெல்லாம் இல்ல. முன்னாடி ஒக்காந்திருக்கவன் ஒழுங்காப் பாப்பானான்னுதான் இருக்கு."

உள்ளே போனாள். நாங்கள் வெளியே ரோட்டோரம் நின்று விமானம் ஏறுவதைப் பார்த்தோம். அம்மா அது புள்ளியாகும் வரை கையை நெற்றியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஷேர் ஆட்டோவில் திரும்பினோம்.

இரண்டு நாள் கழித்து மதினி போன் செய்தாள். சேர்ந்த விவரம், வீடு, வெயில் எல்லாம் அம்மாவிடம் சொல்லிவிட்டு என்னைக் கேட்டாள்.

"ஏத்தா, சென்னையில எறங்கையில நான் கண்ண மூடிக்கிட்டுக் கேட்டுக்கிட்டே வந்தேன். சத்தம் கொறஞ்சுச்சு, எறங்க ஆரம்பிச்சுட்டான்னு தெரிஞ்சுச்சு. அப்புறம் றெக்கையில உய்ங்னு ஒரு சத்தம். ஃப்ளாப்பு. பக்கத்துல ஒரு அம்மா, பாவம், ஏங்கையப் புடிச்சுக்கிட்டு சாமி பேரச் சொல்லிக்கிட்டிருக்கு. இப்ப சக்கரம் எறங்கும், தடதடங்கும், பயப்படாதீகன்னேன். சொல்லி வாய மூடல, எறங்கிருச்சு. அந்தம்மா என்னைய ஒரு மாதிரியாப் பாத்துச்சு."

"அப்புறம்?"

"கடைசில பவரு ஏத்துனான், கொறச்சான், ஏத்துனான். நம்ம மாதிரிதான் அவனும். எனக்கு நிம்மதியாப் போச்சு."

மதினி போன பிறகு தனியாக ஓட்டுவது எனக்குக் கைவரவில்லை. வேகத்தைப் பார்த்தால் ஓடுபாதை நகர்ந்துவிடும், ஓடுபாதையைப் பார்த்தால் வேகம் போய்விடும். முக்காலியில் கீபோர்டை வைத்து இடது கையால் தட்டிப் பழகினேன். அந்தக் காலத்தில்தான் மறுபடி உதவிப் பக்கங்களைப் படிக்கும்போது ஒன்றைக் கண்டுபிடித்தேன். நாம் ஒரு வேகத்தை எண்ணாகக் கொடுத்து ஒரு பொத்தானை அமுக்கினால், என்ஜின் தானாகப் பவரைக் கூட்டிக் குறைத்து அந்த வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். இத்தனை நாளும் மதினி எண்ணி எண்ணிச் செய்த வேலை முழுவதையும் அது செய்தது. எங்களுக்குத் தெரியாமலே அது டாஷ்போர்டில் இருந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை போனில் சொன்னேன்.

"அப்ப நான் எதுக்கு அங்க முக்காலில ஒக்காந்திருந்தேன்?"

"தெரியல மதினி."

"நல்ல வேள, அப்பத் தெரியல" என்று சிரித்தாள். "தெரிஞ்சிருந்தா அத்தைகூட ஒக்காந்து சீரியலத்தான் பாத்திருப்பேன்."

நான் தூரப் பயணங்களில் அந்தப் பொத்தானைப் பயன்படுத்தினேன். இறங்கும்போது அணைத்துவிடுவேன். இடது கை பழகிய பிறகு நானும் ஓரளவு நன்றாகவே இறக்கினேன். எனக்குக் கல்யாணமாகி பசுமலைக்கே குடிபோனபோது கம்ப்யூட்டரைக் கொண்டுபோகவில்லை. அது கொஞ்ச நாளில் மானிட்டர் போய்க் கிடந்தது.

மதினி அங்கே கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அந்த ஊரில் லைசென்ஸ் வாங்குவது லேசில்லையாம். டெஸ்ட் எடுத்த போலீஸ்காரர் இரண்டு தடவை பாதியில் இறக்கிவிட்டுவிட்டார், பிரேக்கை லேட்டாகப் பிடிக்கிறாள் என்று. மூன்றாவது தடவை வாங்கிவிட்டாள். அண்ணனை வேலைக்கு விட்டுவிட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கி, தானும் ஒரு கடையில் கணக்குப் பார்க்கப் போகிறாள். எழுமலையில் சைக்கிள்கூட ஓட்டாதவள்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் அவனியாபுரம் வீட்டுக்குப் போயிருந்தபோது போன் வந்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். நெடுஞ்சாலையில் தனியாக முதல்தடவை போய்வந்தாளாம், நூற்று இருபதில்.

"அம்புட்டு வேகம் எதுக்குத்தா?" என்று அம்மா கத்தினாள்.

"கிலோமீட்டர்தான் அத்தை, நாட் இல்ல" என்றாள் மதினி.